ஆம்ப்ளிஃபயரில் ஹம்: எங்கே தேடுவது, எதில் கை வைக்கக்கூடாது

பாட்டு ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டால், பலரும் முதலில் கை வைப்பது பவர் சப்ளை கெபாசிட்டரில். 4700 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 10,000 போடுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். அடுத்து டிரான்ஸ்பார்மர் மாறும், அதற்கடுத்து போர்டே மாறும். கடைசியில் பார்த்தால் வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகும் ஷீல்டு வயரின் வலை ஒரு முனையில் விட்டுப்போயிருக்கும். ஹம் உதிரிபாகத்தின் கோளாறாக இருப்பதைவிட வயர் போகும் வழியின் கோளாறாக இருப்பதே அதிகம். ஆகவே இந்த அத்தியாயத்தில் சாலிடரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே கூடுதல் இடம்.

அசெம்பிள்டு செட்டுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ போர்டு, டிரான்ஸ்பார்மர், புளூடூத் பேனல், கேபினட் என்று தனித்தனியாக வாங்கிச் சேர்க்கிறோம். ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வயரிங்குக்கு வரைபடம் எதுவும் கூடவே வராது. அது முழுக்கச் சேர்ப்பவரின் பொறுப்பு.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கும், அணைத்தாலும் உள்ளே பேஸ் இருக்கும். பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெபாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் வழக்கம் கெபாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. வேலை முடிந்து முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு தப்பிக்கும்.

முதலில் காது

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, கேபினட்டிலிருந்தா? செட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். அப்போதும் உறுமினால் அது டிரான்ஸ்பார்மரின் தகடுகள் அதிரும் ஓசை. கிளாம்ப் போல்ட்டை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். இதற்கு வயரிங்கைக் கலைக்க வேண்டியதில்லை.

ஸ்பீக்கரில் வருவதென்றால் சுருதியைக் கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அலையின் இரு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்புவதால், பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் அலைவு 100 ஹெர்ட்ஸ். ஆக, அடித்தொண்டையில் வரும் 50 ஹெர்ட்ஸ் என்றால் வெளியிலிருந்து தொற்றியது என்று சந்தேகிக்கலாம்: பக்கத்திலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், ஷீல்டு இல்லாத வயர், இரு கருவிகளுக்கு இடையிலான எர்த் லூப். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, சற்றுக் கரகரப்போடு கேட்பது 100. வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு 50, 100 இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிடுங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது.

100 ஹெர்ட்ஸ் என்றதும் கெபாசிட்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். கெபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் தவறான வயர் வழியாகத் திரும்பினாலும் இதே 100 ஹெர்ட்ஸ்தான் கேட்கும். அசெம்பிள்டு செட்டுகளில் நான் அதிகம் சந்தேகிப்பது இதைத்தான். பின்னால் விரிவாக வருகிறது.

‘ர்ர்ர்’ என்று சீறலாகக் கேட்டால் ஃபேன் ரெகுலேட்டரை ஒருமுறை முழுவேகத்தில் வையுங்கள், அல்லது அணையுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் டிம்மரும் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறவை. அந்தச் சீறல் நேரே ஆம்ப்ளிஃபயருக்குள் வரும். ‘டிட்டிடிட்’ என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசியின் வேலை, எடுத்துத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

ஒரு விதிவிலக்கு. ஆன் செய்தவுடன் ‘டொம்’ என்று அடித்து, ஸ்பீக்கர் கோன் உள்ளேயோ வெளியேயோ இழுத்துக்கொண்டு பலமாக உறுமினால் அது ஹம் விவகாரமே இல்லை. அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ ஷார்ட் ஆகி ஸ்பீக்கருக்கு நேர் டிசி போகிறது. உடனே அணையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் பாருங்கள். நல்ல செட்டில் அது 100 மில்லிவோல்ட்டைத் தாண்டாது.

பிறகு வால்யூம்

ஹம்மின் இடத்தைப் பாதியாகப் பிரிக்கும் கருவி உங்கள் செட்டின் முகப்பிலேயே இருக்கிறது. வால்யூமைச் சுழிக்குக் கொண்டு வாருங்கள். சத்தம் குறையவே இல்லை என்றால் கோளாறு வால்யூமுக்குப் பிந்தைய பகுதியில்: பவர் போர்டு, பவர் சப்ளை, உள் கிரவுண்ட் வயரிங். வால்யூமோடு ஏறி இறங்கினால் முந்தைய பகுதியில்: பாட்டு வரும் கருவி, கேபிள், இன்புட், ப்ரீஆம்ப்.

பாதித் திருப்பில் அதிகமாகி, முழுசாகத் திருப்பியதும் குறைகிறதா? வால்யூம் கண்ட்ரோலின் நடுப்பகுதியில்தான் அதன் வெளியீட்டு மின்தடை உச்சத்தில் இருக்கும், அந்த நிலையில் அது ஏரியல் மாதிரி சுற்றியுள்ளதையெல்லாம் இழுக்கும். வால்யூம் கண்ட்ரோலிலிருந்து போர்டுக்குப் போகும் வயர் ஷீல்டு இல்லாத சாதா வயராக இருக்கும். கண்ட்ரோலின் உலோக உடம்பை விரலால் தொட்டதும் சத்தம் மாறினால் அந்த உடம்பு கிரவுண்ட் ஆகவில்லை. கண்ட்ரோலின் முதுகைச் சற்றுச் சுரண்டி கிரவுண்ட் வயர் ஒன்றைச் சாலிடர் செய்தால் போதும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். பழைய ஆர்சிஏ பின் இரண்டை எடுத்து, நடுமுனையையும் வெளிவளையத்தையும் உள்ளேயே இணைத்துவிடுங்கள். எல்லாக் கேபிளையும் பிடுங்கிவிட்டு இந்த ஷார்ட் பின்களை இன்புட்டில் செருகி வால்யூமை ஏற்றுங்கள். ஹம் இல்லையென்றால் உங்கள் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி, பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இருக்கிறதென்றால் வெளியே தேடுவது வீண். பின் எதுவும் செருகாமல் திறந்த இன்புட்டோடு வால்யூமை முழுசாக ஏற்றி, ‘உறுமுகிறது’ என்று புகார் சொல்பவர்கள் உண்டு. திறந்த இன்புட்டில் எந்தச் செட்டும் கொஞ்சம் உறுமும்.

வெளியிலிருந்து வருவது

டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், லேப்டாப். வீடுகளில் இந்த நான்குதான் சந்தேகப் பட்டியல்.

லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது ஹம் நின்றால், சார்ஜர்தான் வழி. இரண்டு பின் சார்ஜர்களுக்குள் ஒரு சிறிய கெபாசிட்டர் மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைத்தபடி இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து லேப்டாப்பின் கிரவுண்டுக்கு வரும். உலோக மூடியைத் தடவினால் புறங்கையில் சுருசுருவென்று தெரிவது அதுதான். அந்தக் கசிவு எர்த்தைத் தேடி உங்கள் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நடக்கிறது.

கேபிள் டிவியில் வேறு கதை. கோஆக்ஸியல் வயரின் வெளிவலை தெருக்கம்பத்திலோ பக்கத்து வீட்டு ஆம்ப்ளிஃபயரிலோ எங்கேயோ எர்த் ஆகியிருக்கும். உங்கள் செட்டோ உங்கள் வீட்டு எர்த்தில் நிற்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வோல்ட் வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டில் மின்னோட்டமாக ஓடும். எர்த் லூப் என்பது இதுதான். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கோஆக்ஸியல் வயரைக் கழற்றியதும் ஹம் நின்றால் உறுதி.

ஷீல்டில் ஓடினால் என்ன கெட்டுப்போகிறது? ஆர்சிஏ கேபிளில் ஷீல்டு வெறும் கவசமல்ல, சிக்னல் திரும்பும் வழியும் அதுதான். ஷீல்டின் மின்தடை 0.1 ஓம், அதில் ஓடுவது வெறும் 1 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 0.1 மில்லிவோல்ட் பிறக்கிறது. அது சிக்னலோடு சேர்ந்து இன்புட்டுக்குள் நுழைந்துவிடும். வீட்டுக் கருவிகளின் சிக்னல் ஏறத்தாழ 300 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால் ஹம் அதைவிட 70 டெசிபெல் கீழே. ராத்திரி பத்து மணிக்கு மெல்லிசையின் இடைவெளியில் அது கேட்கும். ஓடுவது 10 மில்லி ஆம்பியர் என்றால் பகலிலும் கேட்கும். விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் தீரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தடை கொஞ்சம் குறையும், லூப் அப்படியே இருக்கும்.

முதல் வைத்தியம் செலவில்லாதது. ஆம்ப்ளிஃபயர், டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். சுமை அதன் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து, டிவியில் ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் அதற்குரிய டிஏசி பெட்டி ஒன்றை வாங்குங்கள். 1983-ல் தோஷிபா கொண்டுவந்த இந்த இணைப்பில் ஒளிதான் போகிறது, செம்பு இல்லை, ஆகவே லூப்புக்கு வழியே இல்லை. அதுவும் முடியாவிட்டால் ஆடியோ லைனில் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர். கார் ஆடியோ கடைகளில் ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்று கேட்டால் கிடைக்கும். மிக மலிவானவற்றில் கோர் சின்னது, பேஸ் மெலிந்துவிடும். சப்வூஃபர் லைனில் அதைப் போடாதீர்கள். கேபிள் டிவிக்குக் கோஆக்ஸியல் பக்கமே ஐசோலேட்டர் போடலாம். டிடிஎச்சுக்கு அது ஆகாது, ஏனென்றால் அந்த வயர் வழியாகத்தான் டிஷ்ஷில் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. துண்டித்தால் படமே வராது. அங்கே ஆடியோ பக்கம்தான் வெட்ட வேண்டும்.

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

எர்த் லூப்புக்கு நம் ஊரில் பரவலாக நடக்கும் வைத்தியம், மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிடுவது. ஹம் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த பின் இருப்பது பாட்டுக்காக அல்ல. டிரான்ஸ்பார்மரின் காப்பு என்றாவது விட்டுப்போய் கேபினட்டுக்கு பேஸ் வந்தால், ஃபியூஸையோ ஆர்சிசிபியையோ விழவைத்து ஆளைக் காப்பது அதுதான். வெட்டிய செட்டில் 230 வோல்ட் கேபினட்டில் காத்திருக்கும். அங்கேயே நிற்கவும் செய்யாது. ஆர்சிஏ கேபிள் வழியாக டிவிக்கும், வயர் மைக் வழியாகக் கரோக்கி பாடும் குழந்தையின் கைக்கும் போகும். லூப்பை உடைக்க ஆடியோ பக்கத்தில் எத்தனையோ வழிகள் இருக்கும்போது இதற்கு மன்னிப்பே கிடையாது.

உலோக கேபினட்டோடு இரண்டு பின் வயரில் வரும் செட்டுகளும் இதே வகைதான். டெஸ்டரைக் கேபினட்டில் வைத்தால் மங்கலாக எரியும். மூன்று கம்பி வயர் மாற்றி, பச்சைக் கம்பியைக் கேபினட்டின் பெயிண்ட்டைச் சுரண்டிய இடத்தில், அதற்கென்றே தனி போல்ட்டில் முறுக்குங்கள்.

வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சாக்கெட்டை எதிரில் நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அருகில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருந்தால் நல்ல அறிகுறி. 60, 100 என்று அரைகுறையாகக் காட்டினால் எர்த் வயர் எங்கோ அறுந்து, மீட்டர் பேய் வோல்ட்டைக் காட்டுகிறது. நியூட்ரல்–எர்த் அச்சடித்த மாதிரி சுழியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவைக்கும் வேலை நடப்பதுண்டு. நியூட்ரல் அறுந்த அன்று உங்கள் செட்டின் கேபினட் முழுக்க பேஸ்தான். இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆம்ப்ளிஃபயர் காத்திருக்கலாம்.

பெட்டிக்குள்ளே

எர்த் என்பது ஆளைக் காக்கும் வயர். கிரவுண்ட் என்பது சர்க்யூட்டின் சுழி. கிரவுண்ட் எந்த இடத்திலும் ஒரே வோல்ட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வயரிங் செய்கிறோம். அப்படி இருப்பதில்லை. ஒரே கழிவுநீர்க் குழாயில் நான்கு மாடி வீடுகளையும் இணைத்தால், மேல்மாடியில் ஒரு வாளி தண்ணீர் கொட்டும்போது கீழ்வீட்டு வாஷ்பேசினில் குமிழ் வரும் அல்லவா, அதேதான் இங்கும்.

எண்ணில் பார்ப்போம். ரெக்டிஃபயர் கெபாசிட்டரை ஒரே சீராக நிரப்புவதில்லை. அலையின் உச்சியில் சில மில்லி வினாடிகளுக்கு மட்டும் கொட்டும். செட் சராசரியாக 2 ஆம்பியர் இழுத்தால் அந்தக் கொட்டல் 8, 10 ஆம்பியர் வரை போகும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 சென்டிமீட்டர் நீளத்தின் தடை சுமார் 3.4 மில்லி ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் 34 மில்லிவோல்ட். அந்தப் பத்து சென்டிமீட்டரின் நடுவில் உங்கள் இன்புட் கிரவுண்டைச் சாலிடர் செய்திருந்தால் அதில் ஒரு பங்கு சிக்னலாகிவிடும். முழுசும் சேர்ந்தால், 30 மடங்கு பெருக்கும் டிடிஏ 2030 போர்டு ஸ்பீக்கரில் ஒரு வோல்ட் ஹம்மைக் கொடுக்கும். இந்த நிலையில் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் கொட்டல் இன்னும் கூர்மையாகி, ஹம் கூடவும் கூடும்.

எனவே வழி இப்படி. 12-0-12 டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப் வயர், இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் சந்திக்கும் நடுப்புள்ளிக்கு நேராக, தடிமனாக, குட்டையாகப் போக வேண்டும். அந்த வயரில் வேறெதையும் இணைக்காதீர்கள். நடுப்புள்ளியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு தனிப்புள்ளி வையுங்கள். அதுதான் ஸ்டார் கிரவுண்ட். ஸ்பீக்கர் மைனஸ்கள், பவர் போர்டின் கிரவுண்ட், ப்ரீஆம்ப் போர்டின் கிரவுண்ட் ஒவ்வொன்றும் தனித்தனி வயரில் அங்கே வரட்டும். ஸ்பீக்கர் மைனஸைப் பக்கத்திலிருக்கும் கேபினட் ஸ்க்ரூவில் மாட்டுவது பழைய கார் ஸ்டீரியோ பழக்கம், இங்கே வேண்டாம்.

இன்புட்டில் அதிகம் நடக்கும் பிழை ஆர்சிஏ சாக்கெட்டின் வளையம் உலோக பேனலைத் தொடுவது. ஷீல்டு வழியாக ஒரு கிரவுண்ட், பேனல் வழியாக இன்னொன்று, பெட்டிக்குள்ளேயே லூப். ஃபைபர் வாஷர் போட்டு பேனலிலிருந்து பிரியுங்கள். இடது, வலது இரண்டு ஷீல்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுபோங்கள். நடுவே விரிந்த இடைவெளி இருந்தால் அது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் சுருளாகிவிடும்.

ஸ்டார் கிரவுண்டைக் கேபினட்டோடு நேரடியாக இணைத்தால் வெளிக் கருவிகளோடு எர்த் லூப் வரும். இணைக்காமலே விட்டால் பாதுகாப்பு போகும். நடுவழி ஒன்று உண்டு. 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதோடு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அதோடு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் முனைகளை ஒன்றாக இணைத்துவிட்டு, ஏசி முனைகளில் ஒன்றை ஸ்டாருக்கும் மற்றதைக் கேபினட்டுக்கும் கொடுங்கள். சிறிய லூப் மின்னோட்டத்துக்கு 10 ஓம் தடையாக நிற்கும். பெரிய பழுது வந்தால் டயோடுகள் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டுக்குள் திறந்துகொண்டு அதை எர்த்துக்கு அனுப்பிவிடும். கேபினட்டுக்கும் பச்சைக் கம்பிக்கும் நடுவே மட்டும் எதுவுமே வரக்கூடாது. இதைச் செய்வதற்கு முன் ஹீட்சிங்கைக் கவனியுங்கள்: டிடிஏ 2030, டிடிஏ 7294 இரண்டிலும் ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளை. மைக்கா இல்லாமல் ஹீட்சிங்கும் கேபினட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் மைனஸ் சப்ளையே எர்த் ஆகும்.

புளூடூத்–யுஎஸ்பி பேனல் போட்டபின் வரும் ‘கீ... கிர்ர்’ சத்தம் தனி ரகம். பேனலின் டிஜிட்டல் மின்னோட்டம் ஆடியோ கிரவுண்ட் வழியாகவே திரும்புகிறது. அதற்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். சிறிய டிரான்ஸ்பார்மரில் தனி சப்ளை கட்டலாம், அல்லது பி0505எஸ் என்னும் சின்ன ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை நடுவில் வைக்கலாம். அது ஒரு வாட் தாங்கும், அதாவது 200 மில்லி ஆம்பியர். பேனல் அதற்குள் இழுக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

ஷார்ட் பின் போட்ட பிறகும் 50 ஹெர்ட்ஸ் மிஞ்சினால் டிரான்ஸ்பார்மரின் போல்ட்டைக் கழற்றி, வயர்களைக் காப்பிட்டு, மரக்கட்டை ஒன்றின் மேல் வைத்து, கை மெயின்ஸில் படாமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் சத்தம் அடிமட்டத்துக்கு இறங்கும், அங்கேயே மாட்டுங்கள். டொராய்டு என்றால் நடுப்போல்ட்டின் மேல்முனை கேபினட் மூடியைத் தொடவே கூடாது. தொட்டால் அதுவே ஒரு ஷார்ட் ஆன சுற்று, டிரான்ஸ்பார்மர் எரியும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கெபாசிட்டர். தலை உப்பியிருந்தால், அல்லது செட் பல வருடம் சூட்டில் கிடந்திருந்தால் மாற்றுங்கள். அலைவின் அளவைக் கணக்கிடுவது எளிது: ஆம்பியரை, 100-ஆலும் ஃபாரட்டாலும் வகுங்கள். 2 ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட் சுமார் 4 வோல்ட் அலைவைத் தரும், 10,000 அதை 2 ஆக்கும். கூடவே டயோடுகளையும் பாருங்கள். பிரிட்ஜில் ஒரு டயோடு அறுந்தால் அரை அலை மட்டுமே வந்து 100 இருந்த இடத்தில் 50 ஹெர்ட்ஸ் தலைகாட்டும், வோல்ட்டும் இறங்கும்.

எப்போது நிறுத்தலாம்? வால்யூமைச் சுழியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 90 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல். ஒரு மில்லிவோல்ட் அதைவிட 69 டெசிபெல் குறைவு, எந்த அறையிலும் காதுக்கு எட்டாது. பத்து மில்லிவோல்ட் என்றால் அமைதியான அறையில் எட்டும். சாதாரண மஞ்சள் மீட்டர்களில் ஏசி 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், ஆகவே மில்லிவோல்ட் ஏசி உள்ள மீட்டரை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். ஓரிரு மில்லிவோல்ட்டில் நின்றால் மூடியை மூடலாம். மூடும் முன் அந்த எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரான்ஸ்பார்மர் மேல் ஒட்டிவையுங்கள். அடுத்து திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.